ஆயிரத்து இருநூற்று எழுபத்தாறு யூனிட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று தொடங்கத்தான் கை போகிறது, ஆனால் அதில் பாதிதான் உண்மை. அம்மா சௌக்கியம், முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும்தான். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நடைக்குப் போகிறேன். ஆனால் ஐந்து நாளாக நான் நன்றாக இல்லை அம்மாடி. பயந்துபோய்க் கிடக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரி லேப் விலாசத்துக்குக் கூரியரில் போடுகிறேன், ஏன் என்று படிக்கப் படிக்கத் தெரியும். கையில் இருக்கிற ரத்த சாம்பிள் டியூப்களைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வரிவரைக்கும் படி. பாதியில் மடித்துப் பையில் வைத்துவிடாதே, அந்தப் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, திட்டு வருகிறது என்று வாசனை பட்டாலே காகிதத்தை மடிப்பாய். இது திட்டு இல்லை.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கேட்டால் என்ன எழுதினேன் என்று சொல்ல எனக்கு எதுவும் இருக்காது. மொட்டை மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது, பூசிய ஆள் ஒரு வாரம் என்று சொல்லி மூன்று வாரம் இழுத்தான். கீழ்ப் பகுதியில் குடியிருக்கிற தையல்காரர் மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. உன் மாமா போன வாரம் வந்திருந்தார், வந்தவரை அம்மா செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை, உன் புது ஃபிளாட் போட்டோக்களைக் கையில் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு போட்டோவையும் கடையில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறாள். ஹால், சமையலறை, பால்கனி, அந்த வெள்ளைத் திரைச்சீலை. சமையலறைப் போட்டோவைக் காட்டி, “பாத்தியாடா, அடுப்புப் பக்கத்துல ஒரு சொட்டு எண்ணெய் இருக்கா பாரு, எம்பொண்ணு அவ்வளவு சுத்தம்” என்றாள். மாமா மூக்கின்மேல் விரலை வைத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. யாரும் சமைக்காத அடுப்பில் எண்ணெய் எப்படி இருக்கும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ ஃபிளாட் வாங்கிவிட்டேன் என்று சொன்ன அன்று அம்மா சாமி அறைக்கு ஓடினாள், நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, மீட்டர் போட்டோ. முப்பத்தாறு வருஷம் கரண்ட் ஆபீஸில் ரீடிங் எடுத்தவன் வேறு என்ன கேட்பான். யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் மீட்டர் எங்கே என்று பார்க்கிற ஆள் நான், பெண் பார்க்கப் போன இடத்தில் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நீயும் சிரித்துக்கொண்டே, “அப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா” என்று சொல்லி அனுப்பினாய். நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு. நாட்குறிப்பில் தேதி போட்டு எழுதி வைத்தேன். அடுத்த மாதமும் கேட்டேன், அடுத்ததையும் அனுப்பினாய். நாற்பத்தொன்பதாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று மூன்று. முப்பத்து மூன்று நாள். கழித்துப் பார்த்தால் ஆயிரத்து இருநூற்று எழுபத்தாறு யூனிட். முதலில் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது, ஒண்டிக்கட்டையாக இருக்கிற பெண் காலையில் போய் சாயங்காலம் வருகிறவள், ஹீட்டரை அணைக்காமல் போகிறாள், பணம் என்ன மரத்திலா காய்க்கிறது என்று அம்மாவிடம் கத்தினேன். ஒரு தனி ஆள், ஏ.சி. போட்டுக்கொண்டு, துணி துவைக்கிற மெஷின் ஓட்டிக்கொண்டு, தினமும் வெந்நீரில் குளித்தாலும் இருநூறைத் தாண்டாது. ஆயிரத்து இருநூறு என்பது ஒரு ஆள் எரிக்கிற கரண்ட் இல்லை. அது ஒரு சத்திரம் எரிக்கிற கரண்ட்.

அதற்கப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீட்டர் மட்டும்தான் தெரிய வேண்டும் என்று நீ கிட்டே போய் எடுத்திருக்கிறாய், ஆனாலும் ஓரம் விழுந்திருக்கிறது. மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. சீல் இல்லை, சீல் கம்பி அறுந்து தொங்குகிறது. ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்கள், ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று எந்தப் புண்ணியவானோ செய்த வேலை. அங்கிருந்து மேலே போகிற வயர் காலிங் பெல்லுக்குப் போடுகிற தடிமன்தான் இருக்கும், அதன் மேலுறை கறுப்பாக இல்லை கண்ணு, பழுப்பாகப் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியும். உள்ளே வெந்துகொண்டிருக்கிற வயர் அப்படித்தான் இருக்கும். அதற்கு நேர் கீழே அட்டைப் பெட்டிகள், பக்கத்தில் சார்ஜில் போட்ட பேட்டரி வண்டி ஒன்று. படியின் ஓரத்தில் செருப்பு ஷூ எல்லாம் கிடக்கிறது, எண்ணினேன், பத்தொன்பது ஜோடி. நாலாவது படியில் இருக்கிற பழுப்பு நிறச் செருப்பு போன தடவை நீ வந்தபோது அம்மா வாங்கிக் கொடுத்தது. இடது வார் பிய்ந்து நான் தைத்துக் கொடுத்தேனே, அந்த நூல்கூடத் தெரிகிறது.

அது ஃபிளாட் இல்லை, பழைய மாடி வீடு, அறை அறையாகப் பலகை வைத்துத் தடுத்து ஆள் ஆளுக்கு ஒரு கட்டில் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், அதில் ஒரு கட்டில் என் பெண்ணுடையது. அதைவிட, எல்லாரும் இறங்கி வர இருக்கிற ஒரே படிக்கு அடியில் அந்த மீட்டர். அங்கே பற்றினால் மேலே இருக்கிறவர்கள் எந்த வழியாக வருவீர்கள்? ஜன்னலில் கம்பி இருக்கிறதா, உன் தடுப்புக்கு ஜன்னல் என்று ஒன்று இருக்கிறதா, எனக்குத் தெரியாது. இதைத்தான் செவ்வாய்க்கிழமை ஃபோனில் கேட்க வந்தேன். ஆனால் கேட்கத் தெரியாமல், “அது யாரு வீட்டு மீட்டர்?” என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டுவிட்டேன். நீ, “அப்பா, வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாய். அதிலிருந்து ஐந்து நாள், நான் கூப்பிட்டது இருபத்து மூன்று தடவை. நீ எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும், வேலை அதிகம் அம்மா என்று மெசேஜ் வருகிறது. அவளும் பாவம் எம்பொண்ணு என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது வீட்டில் ஒரு ஆள் போதும்.

நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று நீ நினைக்கலாம், ஊரில் ஆயிரம் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். இதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போது எனக்கு ஸ்டேஷன் பக்கத்து லைன். அங்கே ஒரு இரண்டு மாடி வீடு, பேக்கரியில் வேலை பார்க்கிற ஆட்கள் தங்கியிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவேன். ஒரு தடவை ரீடிங் எடுத்தால் எப்போதும் வருவதைப் போல மூன்று மடங்கு. மீட்டர் பலகையில் கை வைத்தேன், சூடாக இருந்தது. வீட்டுக்காரர் வந்து, “விருந்தாளிங்க வந்திருக்காங்க சார், ரெண்டு நாள்ல போயிடுவாங்க” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். குறிப்பு எழுதுகிற இடத்தில், வயரிங் சரிபார்க்கவும் என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் மறுநாள் ஆள் போயிருப்பார்கள். எழுதினால் அந்தப் பையன்களை வெளியே அனுப்பிவிடுவாரே, அவர்கள் எங்கே போவார்கள் என்றுதான் நினைத்தேன், அதை இரக்கம் என்றே நினைத்துக்கொண்டேன். எண்ணை மட்டும் எழுதிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனேன். பத்தொன்பதாவது நாள் அந்த வீடு எரிந்தது. இரண்டு பேர் படியிறங்க முடியாமல் உள்ளேயே இறந்துபோனார்கள். ஆபீஸில் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, என் எண் சரியாகத்தான் இருந்தது. அந்த எண் சரியாக இருந்ததுதான் எனக்கு இன்றுவரைக்கும் ஆறவில்லை.

இனிமேல் நான் சொல்லப்போவது, நீ ஏன் பொய் சொன்னாய் என்பதைப் பற்றி. நீ சொன்ன பொய்க்குப் பாதிக் காரணம் நான், இல்லை, முக்கால் காரணம். ஒவ்வொரு தடவை ஃபோன் பேசும்போதும் உன் வயதில் எனக்கு வீடு இருந்தது என்று சொல்லாமல் வைத்திருக்கிறேனா? முப்பத்தோரு வயதில், ஒற்றைச் சம்பளத்தில், நீ கைக்குழந்தை, ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் வாங்கினேன் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். வெளியில் வாங்கிச் சாப்பிடுவதையும் வருஷத்துக்கு ஒரு ஃபோன் மாற்றுவதையும் நிறுத்தினால் நீயும் வாங்கலாம் என்றேன், நீ ஃபோன் மாற்றி நாலு வருஷம் ஆகிறது என்று அம்மா சொன்ன பிறகும் அதையே சொன்னேன். நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் வீடு அன்றைக்கு என் சம்பளத்தில் நாற்பத்தாறு மாதம். உன் ஊரில் அந்த மாதிரி இரண்டு படுக்கையறை விளம்பரத்தைப் பார்த்தால் உன் சம்பளத்தில் இருபத்தேழு வருஷம், அதுவும் ஒரு வாய் சாப்பிடாமல், ஒரு பஸ் ஏறாமல். நீ வெளியில் சாப்பிடுவதை நாற்பது வருஷம் நிறுத்தினால் அந்த ஃபிளாட்டில் குளியலறைக் கதவு ஒன்று வாங்கலாம், தாழ்ப்பாள் தனி. ஊரான் வீட்டு யூனிட்டையெல்லாம் கூட்டிக் கழித்தவனுக்கு இந்தக் கணக்கைப் போட இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நீ வாங்கிவிட்டேன் என்று சொன்ன அன்றைக்காவது போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. எம்பொண்ணு கெட்டிக்காரி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருவர் கையையும் எதிர்பார்க்கவில்லை என்றேனே, அதுவும் பொய். நம் வீடு ஆபீஸ் சங்கம் கட்டிய பன்னிரண்டு வீடுகளில் ஒன்று, என் பெயர் பதினாலாவது. ஒருவர் மாற்றலாகிப் போனார், இன்னொருவரின் மனைவிக்கு ஏரியா பிடிக்கவில்லை, பஸ் ஸ்டாப் தூரம் என்றார்கள். அந்த அம்மாவுக்குப் பத்து நிமிஷம் நடக்கச் சோம்பேறித்தனம் இல்லாமல் இருந்திருந்தால் நானும் வாடகை வீட்டிலேயே ரிட்டயர் ஆகியிருப்பேன். முதலில் கட்ட வேண்டிய தொகையைக் கொடுத்தது உன் அத்தை. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து அவள் சேர்த்த சேமநிதியை அப்படியே எடுத்துக் கொடுத்து, “வெளிய சொல்லாதே, உனக்கு மரியாதை இருக்காது” என்றாள். நான் அவளுடைய பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. அவள் கடைசிவரை வாடகைக்கு இருந்து போய்ச் சேர்ந்தாள். அவள் காரியத்துக்கு வந்தவர்களிடமும் நான் சொல்லவில்லை. நான் பிறந்தது மில் காலனியில் ஒற்றை அறை, ஏழு பேர். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்க நாங்கள் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். அதிலிருந்து நான் இந்த வீட்டுக்கு வந்தேன், ஆகவே நீ இதைவிடப் பெரிய வீட்டுக்குப் போவாய், அதுதான் முறை என்று நம்பினேன். அது முறை இல்லை, நடுவில் எங்கள் தலைமுறைக்கு மட்டும் அடித்த அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. என்னைவிட நாலு வருஷம் அதிகம் படித்தாய், இரண்டு மடங்கு வேலை செய்கிறாய், விமானத்தில் போகிறாய், திரும்பிப் படுப்பது என் அப்பாவின் அறையில். வீட்டைக் கட்டிப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள் பெரியவர்கள், இப்போது இருந்தால் வாடகைக்கு எடுத்துப்பார் என்று சொல்லியிருப்பார்கள். நீ என்ன தப்பு செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை அம்மாடி. வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஹால் போட்டோவுக்கு யாருடைய ஹாலோ கிடைத்த உனக்கு, மீட்டர் போட்டோவுக்கு யாருடைய மீட்டராவது கிடைத்திருக்காதா? அந்த அப்பார்ட்மெண்டிலேயே பத்து மீட்டர் வரிசையாக இருந்திருக்குமே. இரண்டு மாதமும் உண்மையான மீட்டரையே எடுத்து அனுப்பினாய். மீட்டரில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தாயா, இல்லை, மீட்டர்காரன் பெண்ணுக்கு மீட்டரில் பொய் சொல்லக் கை வரவில்லையா? இல்லை, அப்பா கண்டுபிடிக்கட்டும் என்றே அனுப்பினாயா? நான் கண்டுபிடித்தேன், ஆனால் முதல் வார்த்தையிலேயே கோட்டை விட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. உன் ஆஸ்பத்திரி பொது நம்பருக்குக் கூப்பிட்டு நாலு பேரிடம் மாற்றி மாற்றிப் பேசி விசாரித்துவிட்டேன், கோபப்படாதே, உன் பெயரைச் சொல்லவில்லை. நர்ஸ்கள் ஹாஸ்டலில் மற்ற ஊழியர்களுக்கும் அவசரத்துக்குப் பதினைந்து நாள் இடம் கொடுப்பார்களாம், வார்டனிடம் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதுமாம். அந்த அம்மாள் நல்ல மாதிரியாகப் பேசினார். இன்றைக்கே எழுதிக் கொடு. பதினைந்து நாளுக்குப் பிறகு என்ன என்று கேட்டால் எனக்கும் தெரியாது, ஆனால் அந்தப் பதினைந்து நாளும் நீ வேறு கூரைக்குக் கீழே இருப்பாய். மாதா மாதம் என் பென்ஷனிலிருந்து ஒரு தொகை உனக்கு வரும், திருப்பி அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும், இது அத்தையிடம் நான் வாங்கியதை இடம் மாற்றிக் கொடுப்பது, அவ்வளவுதான். அங்கிருந்து கிளம்புகிற வரைக்கும், கட்டிலைக் கதவுப் பக்கம் போடு. கதவை உள்ளே பூட்டி சாவியை எடுத்து வைக்காதே, தாழ்ப்பாள் மட்டும் போடு. பொசுங்குகிற வாடை, மீன் வாடை மாதிரி ஒன்று வரும், வந்தால் எங்கிருந்து என்று தேடாதே, கத்திக்கொண்டே இறங்கிவிடு. யாரையும் தண்ணீர் ஊற்ற விடாதே. பெட்டி, சர்டிஃபிகேட், லேப்டாப் எதையும் எடுக்க நிற்காதே. எல்லாம் திரும்ப வாங்கலாம்.

இனிமேல் சொல்வதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம், கேட்டால் மட்டும் போதும். நேற்று உன் ஊர் கரண்ட் ஆபீஸ் புகார் நம்பருக்குக் கூப்பிட்டேன். போட்டோவில் மீட்டர் நம்பர் தெளிவாக இருந்தது. அந்த நம்பரைச் சொன்னதும் ஒரு பெண் எடுத்துப் பார்த்து, “இது ஒரே குடும்பத்துக்கான இணைப்பு சார், பழைய மாடி வீடு, மூணு வருஷமா யாரும் உள்ள போய்ப் பாக்கல போலிருக்கு” என்றாள். நான் பார்த்த ஒவ்வொன்றையும் சொன்னேன், சீல், செம்புக் கம்பி, வயர், படி. வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ஆள் வருவார்கள். நான் சொன்னது உண்மையாக இருந்தால், உண்மைதான், கரண்டைத் துண்டித்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். ஏன் வியாழக்கிழமை வரைக்கும், இன்றைக்கே போங்கள் என்று கெஞ்சினேன், இருக்கிற ஆள் அவ்வளவுதான் என்றார்கள். உன்னோடு சேர்த்து அங்கே இருக்கிற அத்தனை பேரின் இடத்தையும் நான் ஒரு ஃபோனில் பிடுங்கிவிட்டேன். அவர்களுக்கு ஹாஸ்டல் வார்டன் இருக்கிறாரோ இல்லையோ, ஊரில் பென்ஷன் வாங்குகிற அப்பா இருக்கிறாரோ இல்லையோ. அன்றைக்குப் பேக்கரிப் பையன்கள் எங்கே போவார்கள் என்று நினைத்துத்தான் எழுதாமல் விட்டேன். இன்றைக்கும் அதே கேள்வி அப்படியே இருக்கிறது, எனக்குப் பதில் தெரியாது, ஆனால் இந்தத் தடவை எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் அவர்களிடம் சொல், வியாழக்கிழமைக்குள் எங்காவது பார்க்கச் சொல். யார் செய்த வேலை என்று கேட்டால் எங்கப்பா என்று சொல், என் நம்பரைக் கொடு, திட்டுகிறவர்கள் என்னைத் திட்டட்டும்.

பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். நான் பெயரைச் சொன்னேன். அந்த வீட்டுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள், படிவத்தில் அதற்கு ஒரு இடம் இருக்கிறதாம். எம்பொண்ணு அங்கேதான் குடியிருக்கிறாள் என்றேன். ஃபிளாட் ஃபிளாட் என்று ஊரெல்லாம் சொன்ன வாய்தான். சொன்னபோது அம்மா வாசலில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்காது. அவளிடம் நீயே சொல், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன், இரண்டு பேரில் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அழுவாள், பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னைப் பார்க்கக் கிளம்புவாள், நான் தடுக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வயது சுகமாக இரு, உன் தலைமுடி ஒன்றுக்கும் கேடு வராமல் கடவுள் காப்பாற்றட்டும், நானும் அம்மாவும் செய்த புண்ணியம் ஏதாவது இருந்தால் அது முழுவதும் உனக்கே. வியாழக்கிழமை என்பதை மறக்காதே, ஆனால் அதற்காக வியாழக்கிழமை வரைக்கும் அங்கே இருந்துவிடாதே. தினமும் காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் கூப்பிடுவேன். என்மேல் கோபம் இருந்தால் பேச வேண்டாம், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். எடுத்துவிட்டு அப்படியே வைத்துவிடு. நீ எடுத்தாய் என்று தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் பொய்யைவிடப் பெரிய பொய் சொன்ன,
அப்பா